தேயிலைக்கு ஒரு விஞ்ஞானப் புள்ளி

பட்டிப்பொல ஸ்டேசனைப் பற்றி வெளியூர்க்காரங்களுக்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான்: இலங்கையிலேயே ஆக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம். டூரிஸ்ட்டுகள் கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டே போர்டைப் படம் எடுப்பார்கள். அந்த உயரத்தால் எங்களுக்குக் கிடைத்த லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூடுபனி இறங்கினால் சிக்னல் போகும். நாலு பேரும் உயிரோடு கடைசி வட்டத்துக்குள் நிற்கிற நேரம் பார்த்து பிங் எகிறும், திரை அப்படியே உறையும், திரும்பி வரும்போது நாம் செத்திருப்போம். கொன்றவன் யாரென்றுகூடத் தெரியாது.

எங்கள் பக்கத்து லயங்களுக்கு கேம் வந்த கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சில் ஸ்கூலை மூடினார்கள். ஸூம் கிளாஸ், வட்ஸ்அப்பில் நோட்ஸ் என்றார்கள். அதுவரைக்கும் பட்டன் போன் வைத்திருந்த வீடுகளில் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். கிளாஸுக்கு வாங்கின அதே போனில்தான் ஃப்ரீ ஃபயரும் வந்தது. பப்ஜி அந்த போன்களில் திணறும், ஃப்ரீ ஃபயர் ஓடும். அதனால்தான் மலையகத்துப் பொடியன்கள் பாதிப் பேர் ஃப்ரீ ஃபயர்காரர்கள். இதில் ரசனையைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை, முழுக்க முழுக்க ரேம் பிரச்சினை.

"கேம் விளையாடியே கெட்டுப்போனான்" என்கிற பெரியவர்களோடு இங்கே சண்டை போடப் போவதில்லை. அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கு. நூறு வைரம் ஏறக்குறைய ஒரு டொலர். ஒரு துப்பாக்கிக்குச் சட்டை மாட்டுவதற்கு அதுபோலப் பல மடங்கு வேணும். 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருசம் கத்த வேண்டியிருந்தது என்று தெரிந்த வீட்டில், அம்மாவின் ரீலோட் காசை எடுத்து வைரம் வாங்கினவனை யாரும் கொஞ்ச மாட்டார்கள். சரி. நாங்கள் பேச வந்தது வேறு.

ஸ்குவாட்டில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாடும்போது மைக்கை ஆன் பண்ணினால் முதலில் வருகிற கேள்வி, "ப்ரோ எந்த ஊர்?" சென்னையிலிருந்து விளையாடுகிறவன் கேட்டால், "சிலோனா? ஆனா நம்ம ஆளு மாதிரியே பேசுறீங்களே" என்பான். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ விளையாடுகிறவன் கேட்டால், "நீங்க இந்தியாவா?" என்பான். ரெண்டு பேருக்கும் நாங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகள். மலையகம் என்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் "ஓ" என்று விட்டுவிடுவார்கள். ஒரு தடவை, மேட்ச் தோற்ற கோபத்தில் ஒருத்தன் "தோட்டக்காட்டான்" என்றான். எங்கள் அப்பாமார் கேட்டு வளர்ந்த சொல் அது. ஹெட்செட்டுக்குள் கேட்கிறபோது இன்னும் கிட்ட வந்து கேட்கிற மாதிரி இருந்தது. நாங்கள் நாலு பேரும் ஒன்றும் பேசாமல் அடுத்த மேட்ச் ஆடினோம். ஜெயித்தோமா என்பது மறந்துபோச்சு.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் ஒரு பேச்சு ஆரம்பமானது. கேம்களுக்குள் தமிழர் எங்கே இருக்கிறார்கள்? அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

தமிழர் இருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. 2022 ஏப்ரலில், இங்கே மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2க்கு 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' என்கிற விரிவாக்கம் வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பிரித்து, திராவிடர் என்று ஒரு தனி நாகரிகம் கொடுத்தார்கள். சுருள்வாள் வீசுகிற வீரன் உண்டு, திரிசடை என்கிற பெரிய கப்பல் உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்துகிற ஒரு கதைத்தொடர் உண்டு. ஆட்களைக் கிளிக் பண்ணினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். முதல் தடவை அந்தக் குரல் கேட்டபோது எங்களில் ஒருத்தன் வேலையே இல்லாமல் அதே ஆளைத் திரும்பத் திரும்பக் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தான். 2025 பெப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7இல் சோழர் ஒரு நாகரிகமாகவே இருக்கிறார்கள். சந்தோஷம்தான், மறைக்கத் தேவையில்லை. சின்ன வயதில் ரோமனாகவும் பிரிட்டனாகவும் ஆடி ஆடி அலுத்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் உள்ளே போவதற்கு ராஜா டிக்கெட்தான் எடுக்க வேண்டியிருக்கு. கோயில் கட்டினவன், கப்பல் விட்டவன், கடாரம் கொண்டவன். கப்பலில் வந்தவனுக்கு டிக்கெட் இல்லை.

சிவிலைசேஷன் 6 எங்களிடம் வந்த விதத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். 2020 மே மாதம் எபிக் கடையில் ஒரு வாரம் ஜிடிஏ 5ஐச் சும்மா கொடுத்தார்கள், அடுத்த வாரம் சிவிலைசேஷன் 6ஐ. கணக்கைத் திறந்து வாங்கி வைத்துவிட்டோம், இறக்கத்தான் வழியில்லை. பிறகு நுவரெலியா டவுனில் இருக்கிற ஒரு கூட்டாளி ராத்திரி டேட்டாவில் மூணு நாலு நாள் விடிய விடிய இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்தான். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற இன்னொருத்தன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒரு பழைய லெப்டொப் கொண்டுவந்தான். மின்விசிறி டிராக்டர் மாதிரி சத்தம் போடும். அதில்தான் நாங்கள் உலகத்தை ஆளத் தொடங்கினோம்.

ஆடாதவர்களுக்குச் சொல்கிறோம். ஒரு ஊரில் தொடங்கி, வயல், சுரங்கம், நகரம் என்று கட்டி, கற்காலத்திலிருந்து ராக்கெட் வரைக்கும் போவதுதான் விளையாட்டு. நிலத்தில் சில கட்டங்களில் விசேஷமான பொருட்கள் கிடைக்கும். அதில் ஒன்று தேயிலை. பச்சைக் கட்டத்தில் தேயிலைப் படத்தைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், நம்ம மலைடா." தேயிலை இருக்கிற கட்டத்துக்கு ஒரு விஞ்ஞானப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். கோப்பி இருந்தால் ஒரு கலாசாரப் புள்ளி. அங்கே 'பிளான்டேஷன்' போட்டால் உங்கள் நகரங்களில் சனங்கள் சந்தோஷமாக இருப்பார்கள். கண்டியும் இந்த விளையாட்டில் உண்டு, ஒரு குட்டி நகர அரசாக.

பிளான்டேஷனை யார் போடுவது? 'பில்டர்' என்று ஒரு ஆள். கூடையும் கருவியுமாகத் தட்டுத் தட்டென்று நடந்து வருவான். அவனுக்கு மூன்று வேலைதான் செய்ய முடியும். மூன்றாவது வேலை முடிந்த நிமிஷம் ஆள் காணாமல் போய்விடுவான். வயசாகிப் போவதில்லை, ஊருக்குத் திரும்புவதில்லை, சும்மா மறைந்துபோவான். தோட்டம் மட்டும் அங்கேயே இருந்து கடைசிவரைக்கும் புள்ளி கொடுக்கும். இன்னும் இருக்கு. இவனை மூன்று வேலைக்குப் பதிலாக ஐந்து வேலை செய்ய வைக்க ஒரு கொள்கை அட்டை உண்டு. அந்த அட்டையின் பெயர் 'செர்ஃப்டம்'. தமிழில் சொன்னால் பண்ணையடிமை முறை. நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் அதைப் போடத்தான் செய்வார்கள். நாங்களும் போட்டோம். ஜெயித்தோம்.

இதை வைத்து அந்தக் கேமைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பில்டருக்கும் குடும்பம் வைத்தால் அந்த லெப்டொப் தீப்பிடித்துவிடும். "கேம்னா கேம்தானேடா, இதுல என்ன ஆராய்ச்சி?" என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தன் கேட்டான், நியாயமான கேள்விதான். எங்கள் பதில் சின்னது. ஒரு விளையாட்டு எதை எண்ணுகிறதோ அதுதான் விளையாடுகிறவன் கண்ணுக்குத் தெரியும். தேயிலையை எண்ணினால் தேயிலை தெரியும். நாங்கள் பரம்பரையாகத் தோட்டத்தில் பிறந்த நாலு பேர், ஒரு ராத்திரி முழுக்க ஆடியும், அந்த ஆள் மறைவது எங்கள் கண்ணிலேயே படவில்லை. ரெண்டாவது நாள்தான் ஒருத்தன் "அவன் எங்கடா போறான்?" என்று கேட்டான். அதுதான் எங்களை உறுத்தியது.

கொஞ்சம் நேர்மையாக எண்ணுகிற கேமும் இருக்கு. 2022இல் வந்த விக்டோரியா 3, 1836 முதல் 1936 வரையான உலகம். கோப்பியும் தேயிலையும் எங்கள் ஆட்களை இங்கே இழுத்துக்கொண்டுவந்த காலம் சரியாக அதற்குள் விழுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, 1869இலிருந்து இலைநோய் கோப்பியைத் தின்றது எல்லாம் அந்த நூறு வருசத்துக்குள்தான். அதில் தேயிலைத் தோட்டம் கட்டினால் அதற்குள் வேலையாட்கள் எத்தனை பேர், என்ன இனம், வாழ்க்கைத்தரம் எவ்வளவு என்று எண்ணிக் காட்டும். எங்கள் லெப்டொப்பில் அது ஓடாது, யூடியூபில் பார்த்ததோடு சரி. அட்டவணையில் 'தமிழ்' என்று ஒரு வரி இருக்கிறதே என்று ஒரு மனசு, அட்டவணையில்தானே என்று இன்னொரு மனசு.

இந்த இடத்தில் 'வெண்பா'வைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டொரொன்டோவில் விசை கேம்ஸ் என்கிற சின்னக் குழு செய்தது. 1988இல் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கு. காணாமல் போன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது ஒரு புதிர், புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எந்த வரிசையில் போடுவது என்பது இன்னொன்று. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். துப்பாக்கி இல்லை, ராஜா இல்லை, ஒரு அடுப்படி. 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள்.

வெண்பா வெளிவந்த நாள் 2023 ஜூலை 31. அந்த வாரம் இங்கே என்ன நடந்தது தெரியுமா? மலையகம் 200 நடைபயணம். ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள், எங்கள் முன்னோர் நடந்து வந்த வழியில். ஒரு தமிழ்க் குடும்பம் கடல் கடந்த கதை உலகம் முழுக்க கேமாகப் போன அதே வாரம், கடல் கடந்த இன்னொரு தமிழ்க் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் காலில் கொப்புளத்தோடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இந்த ரெண்டையும் ஒரே போனில்தான் பார்த்தோம். ஒரு டேபில் கேம் விமர்சனம், இன்னொரு டேபில் நடைபயண லைவ்.

வெண்பா மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீட்டுக் கதையை அவர்கள் சொன்னார்கள், அழகாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கதை என்றால் இட்லியில் தொடங்காது. கோதுமை மாவு ரொட்டி, தடியாக, கொஞ்சம் கருகி, கட்டச் சம்பலோடு. விடியக் காலையில் சுட்டு, துணியில் சுத்தி மலைக்குக் கொண்டுபோகிறது. இதற்குப் புதிர் வைக்க வேண்டும் என்றால், சமையல் புத்தகத்தில் வரி காணாமல் போகத் தேவையில்லை. தோட்டத்தில் மாவைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலம் ஒன்று இருந்தது. கழித்தது போக மிஞ்சினதில் ஆறு பேருக்கு எத்தனை ரொட்டி என்பதே போதுமான கஷ்டம்.

அமெரிக்காவில் 1971இலேயே 'ஒரிகன் ட்ரெய்ல்' என்று ஒரு விளையாட்டு வந்துவிட்டது. வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடிபெயர்கிறவர்களின் பயணம், வழியில் வயிற்றுக்கடுப்பு வந்து சாவார்கள். அங்கே ஸ்கூல்களில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆடி வளர்ந்திருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு ட்ரெய்ல் இருக்கு, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு. காடும் காலராவும் குறைவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய விளையாட்டில் கையில் காசோடு தொடங்கி மாடும் மாவும் வாங்குவார்கள். நம்ம விளையாட்டு தொடங்கும்போதே காசு மைனஸில் இருக்கும். கங்காணி கொடுத்த முன்பணம், கப்பல் செலவு, வழிச் சோறு எல்லாம் கடன் கணக்கில் ஏறியிருக்கும். அந்தக் கடனை எழுதின 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். கேம் டிசைன் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதைவிட இறுக்கமான ஒரு விதியை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

2013இல் வந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடினவர்களுக்குத் தெரியும், எல்லையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பத்திரங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற வேலை. ஆட ஆட வயிற்றைக் கலக்கும். எங்கள் தாத்தா பாட்டி அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்றவர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடில்லாமல் நின்றவர்களை, 1964இல் ரெண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, அங்கே 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தம்பி சிலோன். இதை விளையாட்டாக்கினால் யாராவது ஆடுவார்களா என்று கேட்காதீர்கள். பேப்பர்ஸ், ப்ளீஸை ஆடினார்களே.

ஒன்று மட்டும் வேண்டாம். 'விழிப்புணர்வு கேம்' வேண்டவே வேண்டாம். செமினார்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு தேயிலைக் கூடை கார்ட்டூன், ஒரு கேள்வி, சரியான விடைக்குக் கைதட்டல், கீழே வரிசையாக லோகோ. எங்கள் தம்பிமார் அதை முப்பது செக்கனில் அன்இன்ஸ்டோல் பண்ணிவிட்டு ஃப்ரீ ஃபயருக்குப் போவார்கள், நாங்களும் போவோம். பாவப்பட்ட சனம் என்று காட்டுகிற கேமை விட மூன்று வேலையில் மறைகிற பில்டரே மேல். அவனாவது அழுது காட்டுவதில்லை.

அதனால் நாமே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். பெரிய இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. ட்வைன் என்று இலவசமாக இருக்கு, பிரவுசரிலேயே எழுதலாம், கதை கிளை கிளையாகப் பிரியும். படம் அசைய வேண்டும் என்றால் கொடோட், அதுவும் இலவசம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கொடோட் பழைய பதிப்பு வேண்டாம், 2023இல் வந்த 4க்குப் போங்கள். பழையதில் 'கொழுந்து' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், 'க' நடுவில் அநாதையாக நிற்கும். எங்கள் முதல் இரண்டு வாரம் இந்தக் கொம்பை மேய்ப்பதிலேயே போனது. கடைசியில் பேசாமல் ட்வைனுக்கே வந்துவிட்டோம்.

மூன்று பகுதி எழுதினோம். முதல் பகுதி நடை. அதை ஆடிப் பார்த்த ஒரு தங்கச்சி, பாதியில் "திரும்பிப் போனா என்ன அண்ணே?" என்று கேட்டாள். நாங்கள் அப்படி ஒரு பட்டனே வைத்திருக்கவில்லை. எல்லாரும் முன்னால்தான் போவார்கள் என்று நாங்களாகவே முடிவு பண்ணியிருந்தோம். வெட்கமாகப் போச்சு. இப்போது அந்தப் பட்டன் இருக்கு. திரும்பிப் போகலாம், போனால் ஊரில் பஞ்சமும் கடன்காரனும் இருப்பார்கள், ஆனால் போகலாம்.

மூன்றாவது பகுதி கொழுந்து எடுப்பது. நாளைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். இதை ஆடக் கொடுத்தது பதினொரு வயதுத் தம்பி ஒருத்தனுக்கு. அவன் விரல் படபடவென்று ஓடியது, சரியாகப் பதினெட்டுக் கிலோ எடுத்தான், தராசுக்குப் போனான். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒங்க கேம்ல பக் இருக்கு. நான் பதினெட்டு எடுத்தேன், பதினஞ்சுன்னு காட்டுது. அரைப் பேர் போட்டிருக்கு."

நாங்கள் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அது பக் இல்லடா. தண்ணிக்கும் சாக்குக்கும் கழிச்சது." பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "குடு பார்ப்போம்" என்று போனை வாங்கி அவரும் ஆடினார். ரெண்டாவது தடவை இருபத்திரெண்டு கிலோ எடுத்தார். கழிவு எவ்வளவு வரும் என்று முதலிலேயே கணக்குப் பண்ணி எடுத்தது அது. முழுப் பேர். தம்பி இன்னும் அவருடைய ஸ்கோரைத் தாண்டவில்லை.

ரெண்டாவது பகுதி, கங்காணிக் கணக்கு, பாதியில் நிற்கிறது. அந்தக் காலத்துச் செக்ரோல், சம்பளத் துண்டு எப்படி இருந்தது என்று யார் வீட்டிலாவது பெட்டிக்குள் கிடந்தால் எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். படம் வரையத் தெரிந்தவர்களும் தேவை. எங்களில் ஒருத்தன் வரைந்த தேயிலைச் செடி கோவா மாதிரி இருக்கு. பட்டிப்பொலக்காரன், கோவாதான் அவனுக்குக் கைக்கு வருது.